கச்சான் காற்றில் ஒரு பாலைவன ஒத்திகை

வியாழன் இரவு, மட்டக்களப்பு

ஒக்டோபரில் நாங்கள் நாலு பேர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குப் போகிறோம், வைட் ரிம் என்ற மண்பாதையைச் சுற்றி வர. கன்யன்லாண்ட்ஸ் தேசியப் பூங்காவுக்குள், கொலராடோ ஆறும் கிறீன் ஆறும் அறுத்து இறக்கிய பள்ளங்களின் விளிம்போடு ஓடுகிற பாதை அது, ஒரு சுற்று நூறு மைல், நம் கணக்கில் 160 கிலோமீற்றர். நானும் தம்பியும் ரொறன்ரோவில் இருக்கிற மச்சாளும் சைக்கிளில், இவர், என் கணவர், சாமான் வண்டியில். மூன்று இரவு, நாலு பகல். அனுமதிப் பத்திரத்தை மச்சாள் எடுத்துவிட்டாள், கொழும்பில் எங்கள் விசா வேலையும் முடிந்துவிட்டது. இனி மிச்சம் ஆயத்தம்தான், அதை இந்தக் கிழமை அன்றன்றைக்கே எழுதிப் போடப் போகிறேன்.

பாதையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பூங்கா 1964இல் வந்தது, பாதை அதற்கு முந்தியது. 1950களில் யுரேனியம் தேடிப் போவதற்காக அமெரிக்க அணுசக்தி ஆணைக்குழுவின் செலவில் வெட்டியது, தேடியது பெரிதாக அகப்படவில்லை. மேலே ஐலண்ட் இன் த ஸ்கை என்கிற மேட்டுநிலம். அதிலிருந்து ஆயிரம் அடிக்கு மேல் இறங்கினால் வெள்ளை மணற்பாறைத் தட்டு, அந்தத் தட்டோடுதான் பாதை போகிறது, ஆறு அதற்கும் கீழே இன்னும் ஆழத்தில். ஆறு கண்ணுக்குத் தெரியும், ஆனால் பெரும்பாலான இடத்தில் அதற்கு இறங்க வழியில்லை, வழி இருக்கிற இடத்திலும் வண்டல் கலங்கிய தண்ணீர். பாதையில் குடிதண்ணீர் இல்லை, கடை இல்லை, எரிபொருள் இல்லை, கைத்தொலைபேசியை நம்ப முடியாது. வண்டி உடைந்தால் இழுத்து வர ஆயிரம் டொலருக்கு மேல் ஆகும் என்று பூங்கா நிர்வாகமே எச்சரிக்கிறது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஆகக் குறைந்தது ஒரு கலன், ஏறத்தாழ நாலு லீற்றர், தண்ணீர் கொண்டு போகச் சொல்கிறார்கள்.

அந்த நாலு லீற்றர் எங்களுக்குக் காணுமா என்பதுதான் ஒரு மாதமாக என் தலைக்குள் ஓடுகிற கேள்வி. நாங்கள் வாவிக்கும் கடலுக்கும் நடுவில் ஈரக்காற்றில் வளர்ந்தவர்கள். வேர்வை நெற்றியில் இருந்து சொட்டும், சட்டை முதுகில் ஒட்டும், அதைக் கண்டுதான் தண்ணீரைத் தேடுவோம். வறண்ட காற்றில் வேர்வை தோலில் தங்காது, வந்த கையோடு ஆவியாகிவிடும், சட்டை உலர்ந்தபடியே இருக்கும், ஆள் மட்டும் உள்ளுக்குள் வற்றிக்கொண்டிருப்பார். ஊர்ப் பழக்கத்தில் இன்னும் வேர்க்கவில்லையே என்று ஓடிக்கொண்டிருந்தால் அங்கே ஆபத்து. அதனால் உடம்பு சொல்வதைக் கேட்காமல் தராசு சொல்வதைக் கேட்பது என்று முடிவு. ஓடுவதற்கு முன்னும் பின்னும் நிறுக்கப் போகிறோம்.

நல்ல காலம், இது கச்சான் காலம். தென்மேற்கில் இருந்து வருகிற காற்று மழையை மலைநாட்டிலேயே கொட்டிவிட்டு வெறும் சூடாக நம் பக்கம் இறங்குகிறது, கடற்காற்று எழும்பாத நாட்களில் பதினொரு மணிக்கே உதடு வெடிக்கும். பாலைவனத்துக்கு இதைவிடக் கிட்டிய ஒத்திகை இந்த ஊரில் கிடைக்காது. நாளைக்கு குடும்பிமலைப் பக்கம் கிரவல் பாதை, அப்புறம் கரையோரமாகத் தெற்கே பொத்துவில், பாணமை, உகந்தை. இவர் தன் கூட்டாளியின் டபுள் கெப்பை, பின்பெட்டி உள்ள பிக்கப் வண்டியை, இரவல் வாங்கி வந்திருக்கிறார், அதுதான் ஒத்திகைக்குச் சாமான் வண்டி. ஒரே ஒரு சட்டம்: காலையில் வண்டியில் ஏற்றிய தண்ணீர்தான் அன்றைக்குத் தண்ணீர். வழியில் கடை இருந்தாலும் இல்லாத மாதிரி.

வெள்ளி, கிரான் – குடும்பிமலை

விடிய நாலரைக்குப் புறப்பட்டோம். செங்கலடி தாண்டி கிரான், அங்கிருந்து மேற்கே புலிபாய்ந்தகல் பாதை. மழைக்காலத்தில் இந்தப் பாதை செய்தியில் வராத வருடம் குறைவு. மாதுறு ஓயா பெருகினால் வீதி தண்ணீருக்குள் போய்விடும், அந்தப் பக்கத்துச் சனம் படகில்தான் கிரானுக்கு வரும். இப்போது அதே இடத்தில் முழங்கால் அளவு புழுதி. கிரான்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, மழை இங்கே பெய்தால்தான் வெள்ளம் வரும் என்றில்லை, மேலே எங்கோ பெய்தால் போதும். யூட்டாவிலும் இதேதான். தலைக்கு மேல் வானம் நீலமாக இருக்க, எத்தனையோ மைல் தள்ளிப் பெய்த மழை காய்ந்த ஓடைக்குள் திடீரென்று வரும். வைட் ரிம்மின் மேற்குப் பக்கம் கிறீன் ஆற்றோரம் தாழ்வான இடங்கள் இருக்கின்றன, ஆறு பெருகினால் பாதை மூடும். களிமண் பகுதிகள் நனைந்தால் வண்டி நகராது. ஓடைக்குள் கூடாரம் போடுவதில்லை, மழை இருட்டினால் ஓடையைக் கடக்காமல் காத்திருப்பது, இதற்காக ஒரு நாள் சாப்பாடும் தண்ணீரும் மேலதிகம். இதைப் பேசிக்கொண்டே ஓடினோம்.

கிரவல் தொடங்கிய பிறகு பேச்சு நின்றுவிட்டது. ட்ராக்டரும் டிப்பரும் ஓடி ஓடிப் பாதை முழுக்கக் குறுக்கே அலை அலையாக எழும்பியிருக்கிறது, மெதுவாக ஓடினால் ஒவ்வொரு அலையும் கையில் அடிக்கிறது, வேகமாக ஓடினால் சக்கரம் பிடி விடுகிறது. ஒரு மணித்தியாலத்தில் தம்பியின் பின் கரியரைப் பிடித்திருந்த போல்ட் ஒன்று கழன்று விழுந்துவிட்டது. தேடிக் கிடைக்கவில்லை, கேபிள் டை இரண்டு போட்டு இறுக்கினோம். இனி எல்லா போல்ட்டுக்கும் நூலில் பசை தடவி இறுக்குவது, ஒவ்வொரு அளவிலும் இரண்டு மேலதிகமாகக் கொண்டு போவது என்று எழுதி வைத்தாயிற்று.

ஆனால் இன்றைக்கு முக்கியமான சங்கதி டபுள் கெப்பின் பின்பெட்டியில் நடந்தது. இருபது லீற்றர் கேன் இரண்டு, அறுபது லீற்றர் நீலப் பரல் ஒன்று ஏற்றியிருந்தோம். குடும்பிமலை கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நிற்பாட்டி பின்கதவைத் திறந்தபோது பெட்டியின் நெளிவுகளுக்குள் தண்ணீர் நின்றது. பரலின் மூடி அதிர்வில் தானாகவே முக்கால் சுற்றுக் கழன்றிருந்தது, உள்ளே இருக்கிற ரப்பர் வளையம் ஒரு பக்கம் மடிந்து கிடந்தது, அலை அலையான பாதையில் குலுங்கும்போதெல்லாம் ஒரு கை தண்ணீர் வெளியே துப்பியிருக்கிறது. இவர் ஒரு குச்சியை விட்டு அளந்து பார்த்தார், அறுபதில் நாற்பத்தைந்து இருந்தது. மண் குடித்த பதினைந்து லீற்றரும் நாலு பேரின் ஒரு நாள் பங்குக்குக் கிட்ட. கேன் இரண்டிலும் ஒரு சொட்டுக் குறையவில்லை, காரணம் அவற்றை நிமிர்த்தி, ஒன்றோடு ஒன்று சேர்த்து, பட்டி போட்டு இறுக்கியிருந்தோம். ஆக, பெரிய பரல் வேண்டாம். இருபது லீற்றர் கேன்கள்தான், மூடிக்குக் கீழே பழைய டியூப்பில் வெட்டிய வளையம் ஒன்று, மூடியில் இருந்து கைப்பிடிக்குக் கம்பிக் கட்டு. எந்தக் கேன் ஒழுகினாலும் மற்றவை இருக்கும்.

மலையடியில் மாட்டுப் பட்டிக்காரர் இரண்டு பேரைக் கண்டோம். கறந்த பால் கேன்களை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டுகிற விதத்தைப் பார்க்க வேண்டும், கேனுக்கும் இரும்புக்கும் நடுவில் சாக்குத் துண்டு, கயிறு குறுக்கும் மறுக்கும், ஒரு கேன் மற்றதை அசைய விடாது. தம்பி அதைப் படம் எடுத்து மச்சாளுக்கு அனுப்பினான். "நாலு மணிக்கு முந்தி இறங்கிருங்க, ஆனை வரும்" என்றார் மூத்தவர். மூன்று மணிக்கே திரும்பிவிட்டோம்.

சனி, காத்தான்குடி

இன்றைக்கு ஓட்டம் இல்லை, டயர் வேலை.

அமெரிக்காவின் மேற்குப் பக்கத்துச் சைக்கிள்காரர்கள் கோட்ஹெட் என்ற முள்ளைப் பற்றிப் புலம்பாத இடமில்லை. ஆட்டுத்தலை மாதிரி இரண்டு கொம்பு, எப்படி விழுந்தாலும் ஒரு கொம்பு மேலே நிற்கும். படத்தைப் பார்த்தவுடன் எனக்கு விளங்கிவிட்டது, நம் நெருஞ்சி! தாவரப் பெயரும் ஒன்றுதான், ட்ரிபியூலஸ் டெரெஸ்ட்ரிஸ். பழைய உலகத்தில் இருந்து அங்கே போய்ப் பரவிய செடி. பள்ளிக்கூட மைதானத்தில் வெறுங்காலோடு ஓடிய எல்லாருக்கும் அதைத் தெரியும். எனவே பரிசோதனைக்கு முள் தேட வேண்டிய பாடு இல்லை, கல்லடிக் கடற்கரைப் பக்கம் ஒரு டின் நிறையப் பொறுக்கினேன்.

காத்தான்குடியில் நாங்கள் வழமையாகப் போகிற சைக்கிள் கடை அண்ணனுக்கு, காக்கா என்றுதான் கூப்பிடுவோம், டியூப் இல்லாத டயர் புதிது. மச்சாள் அனுப்பிய றிம் டேப், வால்வு, சீலண்ட் எல்லாவற்றையும் மேசையில் பரப்பினோம். "தங்கச்சி, டியூப்பக் கழட்டிப்போட்டு எப்படிக் காத்து நிக்கும்?" என்று கேட்டார். சீலண்டைக் குலுக்கி ஊற்றியபோது வாசத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார், "இது ரப்பர் பாலெல்லோ." அதேதான், ரப்பர் பாலும் நுண்ணிய துகள்களும். கொம்பிறசரால் அடித்து டயர் விளிம்பு டப் டப் என்று றிம்மில் ஏறி உட்கார்ந்த பிறகு, நான் டின்னைத் திறந்து ஏழெட்டு முள்ளை டயரில் அழுத்தினேன். காக்கா ஒவ்வொன்றாகக் குறட்டால் இழுத்தார். ஒவ்வொரு ஓட்டையிலும் வெள்ளையாக நுரை கிளம்பும், சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றி ஓட்டையைக் கீழே கொண்டு வருவார், நுரை சுருங்கி ஒரு புள்ளியாக நின்றுவிடும். கடைசி முள்ளுக்கு அவர் சக்கரத்தை நிற்பாட்டிவிட்டுக் காதை வைத்துக் கேட்டார். சத்தம் இல்லை.

சூட்டில் இந்தப் பால் சீக்கிரம் காய்ந்து போகும், அதனால் புறப்படுவதற்கு முந்திய நாள் புதிதாக ஊற்ற வேண்டும், ஒரு போத்தல் கையிலும் இருக்க வேண்டும். கல் பக்கவாட்டில் கிழித்தால் பால் அடைக்காது, அதற்கு டயர் துண்டு, ஊசி, தடித்த நூல். ஆளுக்கு இரண்டு டியூப் அதற்கு மேல். சங்கிலிக்கு விரைவுக் கண்ணி, பிரேக் பேட் இரண்டு சோடி, பின் கியரைத் தாங்குகிற ஹேங்கர் துண்டு. இந்தக் கடைசிச் சாமானை யாரும் மறக்க வேண்டாம், சைக்கிள் ஒரு பக்கம் விழுந்தாலே அது வளையும், ஒவ்வொரு சைக்கிளுக்கும் ஒவ்வொரு வடிவம், பூங்காவுக்குக் கிட்டிய மோவப் நகரத்துக் கடைகளில் உங்களுடையது இருக்கும் என்று நம்பிப் போக முடியாது. சைக்கிள் மூன்றையும் மச்சாள் தன் வண்டியில் ரொறன்ரோவில் இருந்து கொண்டு வருகிறாள், ஹேங்கரையும் அவள்தான் வாங்க வேண்டும். இன்றைக்கே சொல்லிவிட்டேன்.

ஞாயிறு, பொத்துவில்

மட்டக்களப்பில் இருந்து பொத்துவில் நூறு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல், ஏ4 வீதி, முழுக்கத் தார். எழுதுவதற்குப் பெரிதாக இல்லை, எல்லாருக்கும் தெரிந்த வீதி. களுவாஞ்சிக்குடி, கல்லாறு, கல்முனை வரைக்கும் ஊருக்கு மேல் ஊர். அக்கரைப்பற்றுக்குப் பிறகு காற்று வலப்பக்கத்து முகத்தில் அடிக்கத் தொடங்கிவிட்டது, வயல்வெளியில் மறைவே கிடையாது. திருக்கோவிலில் சித்திரவேலாயுத சுவாமி கோயில் வீதியில் நிழலுக்கு நின்றபோது எதிரே இளநீர்க் குலை தொங்கியது. தம்பி பார்த்தான், நான் பார்த்தேன், வண்டியில் இருந்த சுடுதண்ணீரைக் குடித்துவிட்டு ஏறினோம்.

சுடுதண்ணீர் என்று சொன்னது உண்மை, வெயிலில் நின்ற கேன் தண்ணீர் தேத்தண்ணீருக்குப் பாதிச் சூடு. சூடான தண்ணீரை யாரும் விரும்பிக் குடிப்பதில்லை, விரும்பிக் குடிக்காவிட்டால் குறைவாகக் குடிப்போம், இது சின்ன விஷயம் இல்லை. கோமாரியில் போத்தலுக்கு ஒரு பழைய காலுறையைப் போட்டு நனைத்துக் காற்றுப் படுகிற பக்கம் கட்டினேன். மண்பானை குளிர்கிற அதே காரணம், வெளியே ஈரம் ஆவியாகும்போது உள்ளே சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அரை மணித்தியாலத்தில் குடிக்கிற பதத்துக்கு வந்துவிட்டது. காற்று எவ்வளவு வறட்சியோ அவ்வளவுக்கு இது நன்றாக வேலை செய்யும், யூட்டாவில் இன்னும் நன்றாகச் செய்யும். காலுறைக்கு ஆளுக்கு அரைக் கோப்பை தண்ணீர் கணக்கில் சேர்த்தாயிற்று.

திங்கள், பாணமை – உகந்தை

இதுக்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தோம். பாணமை வரைக்கும் தார். அதற்குப் பிறகு உகந்தைக்குப் போகிற பாதை கிரவலும் மணலுமாக, இரண்டு பக்கமும் பற்றைக்காடும் காய்ந்த வில்லுக் குளங்களும், நடுவில் நடுவில் பாறைத் திட்டு. கச்சான் முழு வீச்சில் இருந்தது. பத்து மணிக்கு என் சட்டை தொட்டால் மொறுமொறுவென்று இருந்தது, கைமடிப்பில் வெள்ளையாக உப்புக் கோடு. வேர்த்ததே தெரியவில்லை.

பாணமையில் தராசைப் பலகையில் வைத்து நிறுத்தேன், 61.2 கிலோ. உகந்தையில் இறங்கி அதே உடுப்போடு அதே தராசில், 60.1. இடையில் குடித்தது அளந்து 800 மில்லிலீற்றர். நடுவில் சிறுநீர் கழிக்கவில்லை. ஒரு கிலோ குறைந்தால் ஒரு லீற்றர் போனதாகக் கணக்கு, ஆக இரண்டு மணித்தியாலத்தில் என் உடம்பில் இருந்து போனது ஏறத்தாழ 1.9 லீற்றர், குடித்தது அதில் பாதியும் இல்லை. தம்பிக்கு 2.6 லீற்றர். அவனுக்குத் தாகமே எடுக்கவில்லை என்று சொன்னான், அதுதான் எனக்குப் பயம்.

ஒக்டோபரில் யூட்டாவில் இவ்வளவு வெக்கை இருக்காது, பகலில் இருபது பாகை செல்சியஸ் அளவில் இருக்கும் நாட்களே கூட. ஆனால் அங்கே ஒரு நாளைக்கு நாலைந்து மணித்தியாலம் ஓட்டம், ஏற்றங்களும் சேர. ஒரு மணித்தியாலத்துக்கு முக்கால் லீற்றர் என்று குறைத்து வைத்தாலும் ஓட்டத்துக்கு மட்டுமே நாலு லீற்றருக்குக் கிட்ட வருகிறது. அப்புறம் மிச்ச நேரத்துக்கு, சமையலுக்கு, கை கழுவ? நாலு லீற்றர் உயிரைக் காப்பாற்றுகிற அளவு, சைக்கிள் மிதிக்கிறவர்களுக்கு அது காணாது.

உகந்தைமலை முருகன் கோயிலில் பாதயாத்திரைக் கூட்டமெல்லாம் போய் அமைதியாக இருந்தது. மடத்துத் திண்ணையில் தம்பிலுவில் பக்கத்து அம்மா ஒருவர் இருந்தார், வயது எழுபது இருக்கும், கோயில் வேலைக்கு வந்து நிற்கிறார். கதிர்காமத்துக்கு நடந்தே போய்ப் பழகியவர். இங்கிருந்து கூமுனை, கும்புக்கன் ஆறு, யால காடு, மாணிக்க கங்கை என்று ஐந்தாறு நாள் நடை. தராசைக் கண்டு என்ன என்று கேட்டார், சொன்னேன்.

"தாகம் வந்தாப் பொறகு குடிக்கிறது பிந்தின குடிப்பு, புள்ள" என்றார். "நாங்க விடிய மூணு மணிக்கு எழும்பி நடந்திருவம். வெயில் ஏறினா மரத்துக்குக் கீழ. பொழுது சாயத்தான் திரும்ப."

தண்ணீரை எப்படிப் பங்கு வைப்பீர்கள் என்று கேட்டேன்.

"ஆளாளுக்குப் போத்தல் இருக்கும். ஆனா கூட்டத்துக்கு ஒரு போத்தல் வேற. அடுத்த தண்ணியக் கண்ணால காணுமட்டும் அதத் திறக்கிறதில்ல, ஆர் அழுதாலும்."

உப்பும் புளியும் கரைத்துக் குடிப்பார்களாம், வெறும் தண்ணீரை வயிறு முட்டக் குடித்து நடந்தால் சத்தி வரும், தலை சுற்றும் என்றார். வைத்தியமும் அதைத்தான் சொல்கிறது. நிறைய வேர்த்து உப்புப் போன உடம்பில் வெறும் தண்ணீரை மேலே மேலே ஊற்றினால் இரத்தத்தில் சோடியம் இறங்கும், தலைவலி, குமட்டல், குழப்பம், மோசமானால் உயிருக்கே ஆபத்து. அதற்கு எங்களிடம் ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைப் பொடி பக்கெட் இருக்கிறது, ஒரு பக்கெட் ஒரு லீற்றருக்கு. அத்தோடு உப்புப் போட்டு வறுத்த கச்சான் கடலை, பேரீச்சம்பழம், அம்மா பிடித்துத் தருவதாகச் சொன்ன பொரிவிளாங்காய்.

அந்தத் திறக்காத போத்தலை நான் அப்படியே எடுத்துக்கொண்டேன். எங்கள் வண்டியில் இரண்டு கேன் சிவப்பு நாடா கட்டிப் பூட்டி இருக்கும். பாதையின் கடைசியில் வருகிற மினரல் பொட்டம் ஏற்றத்தைத் தாண்டி மேலே வந்த பிறகுதான் அவிழ்ப்பது.

செவ்வாய், பாணமை மணல்

திரும்பும் வழியில் இவருடைய பயிற்சி. பாணமைக் கடற்கரைப் பக்கத்து மணலுக்குள் டபுள் கெப்பை வேண்டுமென்றே இறக்கினார். நாலு சில்லுக்கும் காற்று 35 பிஎஸ்ஐ அழுத்தத்தில் வைத்துக்கொண்டு போனபோது முப்பது அடிக்குள் பின்சில்லு இரண்டும் புதைந்துவிட்டது. அதற்கு மேல் அக்ஸிலேற்றரை மிதித்தால் தோண்டிக்கொண்டு இறங்கும், அதனால் நிற்பாட்டி, சில்லுக்கு முன்னால் மண்ணைச் சவளால் வாரி, காற்றை 18க்கு இறக்கினார். டயர் தட்டையாகி மணலில் பரந்து உட்கார்ந்தது. நாலு சில்லும் மெதுவாக, வலுவோடு சுழல்கிற 4எல் கியரில் போட்டு மெதுவாக விட்டார், வண்டி ஒரு முனகலோடு எழும்பி நடந்து வந்துவிட்டது, கயிறும் தேவைப்படவில்லை. மீண்டும் காற்றடிக்கக் கொம்பிறசர் நாலு டயருக்கும் அரை மணித்தியாலத்துக்குக் கிட்ட எடுத்தது. சூடேறி இரண்டு தரம் நின்றும் போனது, எனவே யூட்டாவில் வாடகைக்கு எடுக்கிற ஜீப்புக்கு இதைவிடப் பெரிய கொம்பிறசர் கேட்க வேண்டும். லோ ரேஞ்ச் கியர் உள்ள, அடி உயர்ந்த வண்டிதான் அந்தப் பாதைக்கு விடுவார்கள், சாதாரண வான் சரிவராது.

அவருக்கு இன்னொரு கவலை, ஸ்டியரிங் இடப்பக்கம். ஷேஃபர் ட்ரெயில் என்ற முதல் இறக்கம் பாறைச் சுவரில் வெட்டிய கொண்டை ஊசி வளைவுகள், ஒரு பக்கம் சுவர், மற்றப் பக்கம் ஒன்றுமில்லை. வாழ்நாள் முழுக்க வலப்பக்கம் இருந்து ஓட்டியவருக்கு ஓரம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்ற கண்மதிப்பு மாறிவிடும். அதனால் அந்த இறக்கத்தை மச்சாள் ஓட்டுவாள், இவர் அவளுடைய சைக்கிளில் வருவார். கீழே தட்டுக்கு வந்த பிறகு மாறிக்கொள்வார்கள்.

மணலில் நின்ற நேரம் நானும் தம்பியும் பாதையை விட்டு விலகாமல் ஓடிப் பழகினோம். கேட்பதற்குச் சின்னப் பிள்ளை வேலை மாதிரி இருக்கும், ஆனால் மணல் ஆழமாக வந்தால் கை தானாகவே ஓரத்துக்குத் திருப்பும். அங்கே ஓரத்தில் கறுப்பாகப் புடைத்த மண் பொருக்கு இருக்கிறது. சயனோபக்டீரியா, பாசி, லைக்கன் எல்லாம் சேர்ந்து மண்ணைக் கட்டி வைத்திருக்கிற உயிருள்ள தோல் அது, ஒரு மிதி பட்டால் பழையபடி வளரப் பல பத்து வருடம் எடுக்கும். எனவே ஆழமணல் வந்தால் இறங்கித் தள்ளுவது, ஓரத்தால் போவதில்லை. மலசலம் கழிக்கப் போவதும் பாறையிலோ ஓடைக்குள்ளோ கால் வைத்துத்தான். முகாம்களில் மலசலகூடம் இருக்கிறது, நடுவழிக்கு மூடிக் கட்டுகிற பை கொண்டு போகிறோம், மாதவிடாய்க் கழிவும் அதே பையில் திரும்பி வரும். பெண்கள் இப்படியான பயணத்துக்கு ஆயத்தமாகும்போது இதை யாரும் எழுதுவதில்லை, அதனால் எழுதுகிறேன்.

புதன், மட்டக்களப்பு

வீட்டுக்கு வந்து மேசையில் கொப்பியை விரித்து மச்சாளோடு வீடியோவில் இருந்து கணக்கை முடித்தோம்.

ஆளுக்கு நாளைக்குக் குடிக்க ஆறு லீற்றர், சமையலுக்கும் மற்றதுக்கும் ஒன்று. நாலு பேர், நாலு நாள், 112 லீற்றர். மழையோ உடைவோ வந்து ஒரு நாள் மறிபட்டால் இன்னும் 28. மொத்தம் 140 லீற்றர், இருபது லீற்றர் கேன் ஏழு. அதில் இரண்டு சிவப்பு நாடாக் கேன். தண்ணீர் மட்டும் 140 கிலோ, அதனால் ஜீப்பின் கூரையில் ஒன்றும் வைப்பதில்லை, கேன்கள் எல்லாம் தரையோடு, பின் அச்சுக்கு முன்னால், பட்டிக்காரர்கள் கட்டிய மாதிரி சாக்கு வைத்துக் கட்டுவது. இந்தப் பாரத்துக்கு இடம் விட இரண்டு மடக்குக் கதிரையும் பெரிய குளிர்ப்பெட்டியும் வெட்டப்பட்டன. மச்சாளுக்குக் கதிரையில் கொஞ்சம் மனவருத்தம், ஆனால் தம்பியின் 2.6ஐக் காட்டியவுடன் சரி என்று சொல்லிவிட்டாள்.

ஓட்ட நேரமும் மாறியது. ஒன்பது மணிக்குச் சாவகாசமாகப் புறப்படுவதாக இருந்தோம், இப்போது விடிந்த கையோடு ஏறி மத்தியானத்தில் ஒரு பாறை நிழல், மூன்றுக்குப் பிறகு மிச்சம். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கடிகாரம் அடிக்கும், தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நாலு மிடறு. மர்ஃபி ஹாக்பேக் ஏற்றத்துக்கு முன் எல்லாருடைய போத்தலும் நிரம்பியிருக்க வேண்டும், அது இவருடைய பொறுப்பு. செய்மதி மூலம் செய்தி அனுப்புகிற இன்ரீச் கருவியை மச்சாள் வாங்கிவிட்டாள், ஒவ்வொரு பின்னேரமும் முகாமில் இருந்து அம்மாவுக்கு ஒரு வரி வரும். வராவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்று அம்மாவின் மேசைக் கண்ணாடிக்குக் கீழே எழுதி வைத்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு வேலை தீரவில்லை. ஒன்று குளிர், ஒக்டோபர் இரவில் அங்கே உறைநிலைக்குக் கிட்ட இறங்கலாம், எங்கள் வீட்டில் அதற்கு ஒரு போர்வையும் இல்லை, படுக்கைப் பைகளை மச்சாள் தன் சிநேகிதர்களிடம் இரவல் கேட்கிறாள். மற்றது ஏற்றம். மட்டக்களப்பு மாவட்டத்துப் பாதைகளில் அதற்கு வழியில்லை, செங்கலடி – பதுளை வீதியில் பிபிலைக்கு மேல் லுணுகலைப் பக்கம்தான் போக வேண்டும். அடுத்த சனிக்கிழமை சைக்கிள்களை டபுள் கெப்பில் பிபிலை வரைக்கும் ஏற்றிக்கொண்டு போய் அங்கிருந்து மிதிக்கிறோம், ஏழு கேனும் நிரப்பி வண்டியில் இருக்கும், ஏற்றத்தில் அந்தப் பாரத்தோடு கட்டு அசைகிறதா என்று இவர் பார்க்க வேண்டும்.